தொட்டிலில் இல்லாத மாப்பிள்ளை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் நான் ஒரு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டால் அப்படி ஒரு நாடு இருந்ததாக நீங்களும் நம்பிவிடுவீர்கள். பெயரால் வந்த வம்புதான் இந்தக் கதை முழுவதும். ஆகையால் நான் ஆரம்பத்திலேயே ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறேன்.

அந்த நாட்டை ஆண்டவர் வல்லபராயர். நல்ல மனிதர். கோபம் வந்தால் உடனே தலையை வெட்டச் சொல்வார், கோபம் போனதும் வெட்டிவிட்டீர்களா என்று கவலையோடு விசாரிப்பார். அவருக்கு இருந்த ஒரே குறை பிள்ளை இல்லாதது. கல்யாணமாகி இருபது வருஷம் ஆயிற்று. மகாராணி போகாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை.

ஒரு நாள் காலையில் அரசர் சபைக்கு வந்து உட்கார்ந்ததும், வழக்கமான காரியம் எதையும் எடுக்காமல், "எனக்குப் பின் இந்தச் சிம்மாசனத்தில் யார் உட்காருவார்? இன்று மாலைக்குள் எனக்கு விடை வேண்டும்" என்றார்.

சபையில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராஜகுரு வித்தியாசாகரர் மட்டும் எழுந்தார். சாத்திரம் படித்தவர், வாதத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தான் சொல்ல வந்ததை மறந்துபோவார்; அதுதான் அவருடைய வெற்றி.

"அரசே! உலகில் இல்லாத பொருளுக்கு எவரும் பெயர் வைப்பதில்லை. ஆகவே, பெயருள்ளது எதுவோ அது உளது. பேயை இங்கே யாரேனும் கண்டதுண்டோ?"

இல்லை என்று எல்லோரும் தலையசைத்தார்கள்.

"ஆயினும் உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் நடக்க அஞ்சுகிறீர்கள். காணாத ஒன்றுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? பேய் என்று ஒரு பெயர் இருப்பதால் அல்லவா? நாம் செய்த பிழை இதுதான், அரசே. பிள்ளை பிறக்கட்டும், பெயர் வைப்போம் என்று இருபது ஆண்டுகள் காத்திருந்தோம். முதலில் பெயரை வைப்போம். பெயர் வந்துவிட்டால் பிள்ளை எங்கே போய்விடுவான்?"

சபை ஆஹா என்றது. அரசர் நம்பினாரா என்று கேட்டால், நம்பினார் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. நம்ப ஆசைப்பட்டார். பிள்ளைக்கு ஏங்குகிறவனுக்கு அது போதும்.

நல்ல நாள் பார்த்தார்கள். தந்தத்தில் தொட்டில் செய்தார்கள். தட்டில் பச்சரிசியைப் பரப்பி, அதில் 'ஜெகதேகவீரன்' என்று ராஜகுரு தங்க மோதிரத்தால் எழுதினார். பிறகு காலித் தொட்டிலுக்குள் குனிந்து, தலையணையின் வலப்பக்கத்தில் காது இருக்கும் என்று உத்தேசமாக ஓர் இடம் பார்த்து, மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார். ஊர் முழுக்கச் சர்க்கரை வழங்கினார்கள். அன்று மாலையே முரசறைந்து அறிவித்தார்கள்: இளவரசர் இல்லை என்று எவன் சொன்னாலும் அவன் தலை இல்லை.

இத்தனையும் நடக்கும்போது சபையின் விகடகவி சேந்தன் ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. தலையணைக்குக் காது எந்தப் பக்கம் என்று ராஜகுரு தேடியபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சபை உருண்டு புரண்டிருக்கும். ஆனால் அதே நேரத்தில் மகாராணி தொட்டிலின் கயிற்றைப் பிடித்து மெதுவாக ஆட்டினாள். சேந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். விகடம் பேசிப் பிழைக்கிறவனுக்கு எங்கே வாயை மூடிக்கொள்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அவன் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இளவரசர் வளர ஆரம்பித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இல்லை, கொஞ்சம் வேகமாகவே வளர்ந்தார். பெயர் வைத்த நாளில்தான் பிறந்தார் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை என்று சொல்லி, பதினெட்டு வருஷத்துக்கு முந்திய தேதியில் அவருக்கு ஜாதகம் எழுத வைத்தார் ராஜகுரு. இளவரசருக்கு ஆசிரியர் வந்தார். இவ்வளவு அடக்கமான மாணவரைத் தாம் கண்டதே இல்லை, ஒரு குறுக்குக் கேள்வி கிடையாது என்று அவர் சொன்னார். வைத்தியர் வந்தார், தினமும் காலையில் அறைக்குள் போய்விட்டு வந்து காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்று அரசரிடம் தெரிவித்தார். குதிரையேற்றம் பழக்கியவர், இந்த இரண்டு வருஷத்தில் இளவரசர் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை என்று பெருமைப்பட்டார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாப்பாடுதான் விசேஷம். தினமும் மத்தியானம் பதினாறு வகைக் கறியும் நெய்ச்சோறும் பாயசமும் இளவரசரின் அறைக்குள் போகும். உடன் ராஜகுருவும் போவார், மந்திரம் சொல்லி உண்பிக்க. ஒரு நாழிகை கழித்துப் பாத்திரங்கள் வழித்துத் துடைத்தாற்போல் வெளியே வரும்.

ஒரு நாள் அரசர் சபையில் மகிழ்ச்சியோடு, "என் மகன் நன்றாகச் சாப்பிடுகிறானாம்!" என்றார்.

சேந்தனால் அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. "ஆமாம் மகாராஜா, கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் அடியேனுக்கு ஒரு சந்தேகம். இளவரசர் சாப்பிடச் சாப்பிட ராஜகுருவுக்குத் தொப்பை விழுவது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?"

அரசர் சிரித்துவிட்டார். அரசர் சிரித்ததால் சபையும் சிரித்தது. ராஜகுருவும் சிரித்தார். ஆனால் அவர் பல் மட்டும்தான் சிரித்தது. வயிறு எரிந்தது; எரிவதற்கு அங்கே இடமும் நிறைய இருந்தது.

பத்து நாள் கழித்து ராஜகுரு ஓர் ஓலையோடு சபைக்கு வந்தார்.

"அரசே! இளவரசருக்கு இருபது வயது நிரம்பிவிட்டது. விவாகம் தாமதமாகலாகாது. நாட்டில் உள்ள கன்னியரின் ஜாதகங்களை எல்லாம் அலசினேன். பத்துப் பொருத்தமும் ஒருங்கே அமைந்தவள் ஒருத்திதான். நம் விகடகவி சேந்தனின் மகள் செங்கமலம்."

சேந்தனுக்கு ராஜகுருவின் கணக்கு உடனே புரிந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசகுலத்து மாப்பிள்ளை போர்க்களத்தில் இருந்தால், கல்யாணத்துக்கு அவன் வரமாட்டான். அவன் வாள் வரும். வாளைப் பட்டுத் துணியில் சுற்றி மணையில் வைப்பார்கள். பெண் அதன் பக்கத்தில் உட்காருவாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருத்தி தாலி கட்டுவாள். அன்றே அந்தப்புரத்துக்குள் போகிற மருமகள் அப்புறம் புருஷன் துணை இல்லாமல் அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது. போர்க்களத்துக்குப் போனவன் என்றைக்காவது திரும்பி வருவான். தலையணைக்குள் இருப்பவன் எங்கிருந்து வருவான்? செங்கமலம் தலை நரைக்கிற வரைக்கும் ஒரு வாளுக்குப் பெண்டாட்டியாக நாலு சுவருக்குள் கிடக்க வேண்டியதுதான்.

"என்ன சேந்தா, பேச்சையே காணோம்? இளவரசருக்குப் பெண் கொடுக்கத் தயக்கமா?" என்று ராஜகுரு தேனொழுகக் கேட்டார். "இல்லாத மாப்பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கிறாயோ?"

ஆமாம் என்றால் தலை போகும். இல்லை என்றால் மகள் போவாள். சபையில் இருந்தவர்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அவன் கேலிக்கு ஆளானவர்கள் அதில் பலர். அவர்களுக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அரசரோ உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "சேந்தா! நீ எனக்குச் சம்பந்தியாகப் போகிறாய்! வருகிற வெள்ளிக்கிழமை இங்கேயே நிச்சயதார்த்தம்" என்றார்.

"மகாராஜாவின் சித்தம் அடியேன் பாக்கியம்" என்று சேந்தன் கும்பிட்டான். அவன் வாயிலிருந்து வந்தவற்றில் சிரிப்பே இல்லாத வார்த்தை அதுதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், அடுப்பில் இருந்த குழம்பை இறக்கவும் மறந்து அவன் மனைவி உமையாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செங்கமலத்துக்கு அவள் அத்தை மகன் ஆதிநாதன் என்று எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற பையன். தை மாதம் கல்யாணம் என்று இருந்தது.

"உங்க வாயி சும்மா இருந்துச்சா? அந்த ஆளு தின்னா உங்களுக்கென்ன, திங்காட்டி உங்களுக்கென்ன? ஊருல எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்று உமையாள் கத்தினாள்.

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

செங்கமலம் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள், ஆனால் அப்பனின் நாக்கு அவளிடமும் இருந்தது. "ஏம்ப்பா, வாளோட எப்படிப்பா குடும்பம் நடத்துறது? அதுக்குக் கோவம் வந்தா நான் என்ன பண்றது?" என்றாள்.

அதைக் கேட்டுச் சேந்தன் அழுதான். சபையையே சிரிக்க வைக்கிறவன், சொந்த மகள் சொன்ன வேடிக்கைக்கு அழுதான்.

"போயி அரசர் காலுல விழுங்க," என்றாள் உமையாள்.

"விழுந்து என்னன்னு சொல்றது? மாப்பிள்ளை இல்லைன்னா? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ராஜகுரு காத்துக்கிட்டிருக்காரு."

"எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதைக் கொண்டுபோயி அடைச்சுப்புட்டு நான் யாரு மூஞ்சியப் பார்க்கிறது? கூட இன்னொண்ணு இருந்தாலாவது..." உமையாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சேந்தன் நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்தான். கொஞ்ச நேரம் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது.

"உமையா, உங்க அம்மா பேரு என்ன?"

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பக் கேளுங்க. வடிவாம்பாள்."

"நல்ல பேரு. பரண்ல நம்ம புள்ளையப் போட்ட தொட்டில் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"எடுத்துத் தூசி தட்டு. நாளைக்குக் காலையில நம்ம வீட்டுல விசேஷம்."

மறுநாள் காலையில் தெருக்காரர்கள் எல்லோரும் சேந்தன் வீட்டில் கூடினார்கள். நடுவீட்டில் தொட்டில் கட்டியிருந்தது. தட்டில் அரிசி பரப்பியிருந்தது. வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரண்மனையில் வாங்கித் தின்ற சர்க்கரை ஞாபகம் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் சேந்தன் அரண்மனை ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டு, ஓர் ஓலையை மடியில் செருகிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சபை முழுக்கத் தோரணம். சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் இளவரசரின் ஆசனம், அதன்மேல் பட்டு விரிப்பு, அதன்மேல் யாரும் இல்லை. ஒருவன் நின்று அதற்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்தான்.

சேந்தன் பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மேளத்தோடு வந்தான். பின்னால் உமையாளும் உறவுக்காரப் பெண்களும் பழத்தட்டு, பூத்தட்டு, வெற்றிலைத்தட்டு என்று ஏந்தி வந்தார்கள். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருப்பதைப் பார்த்து ராஜகுருவுக்கு முதல் தடவையாக ஏதோ உறுத்தியது.

"மகாராஜா! தட்டு மாற்றுவதற்கு முன் ஓரிரு ஐயங்கள். ராஜகுரு அவர்கள் தீர்த்துவைத்தால் மனம் நிம்மதியாகும்" என்றான் சேந்தன்.

"கேள்," என்றார் அரசர்.

சேந்தன் ராஜகுருவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "குருவே, ஒருவர் இருக்கிறார் என்பதற்கு எது ஆதாரம்?"

"பெயர். பெயருள்ளது எதுவோ அது உளது."

"கண்ணுக்குத் தெரிய வேண்டாமோ?"

"கண் மூடரின் கருவி. அறிஞருக்குப் பெயர் போதும்."

"பெயர் வைத்த நாளில்தான் பிறந்திருக்க வேண்டுமா? அதற்கு முன்பே பிறந்து வளர்ந்திருக்கலாமா?"

"ஜாதகத்தில் எந்நாள் குறித்திருக்கிறதோ அந்நாளே பிறந்த நாள். இவை எல்லாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இச்சபையில் நிறுவப்பட்டவை. மறுப்பவனுக்கு என்ன தண்டனை என்பதும் நிறுவப்பட்டதே."

"அப்பாடா! அடியேன் ஐயம் தீர்ந்தது" என்றான் சேந்தன். பிறகு அரசரிடம் திரும்பினான். "மகாராஜா, பெண் கொடுப்பதில் அடியேனுக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. ஆனால் மூத்தவள் வீட்டில் இருக்க இளையவளுக்கு மாலை போடும் வழக்கம் எங்கள் குலத்தில் இல்லை. மகாராஜா குலத்திலும் இல்லை. ஆகவே இளவரசருக்கு என் மூத்த மகளைக் கொடுக்கிறேன்."

அரசர் திகைத்தார். "உனக்கு மூத்த மகள் ஒருத்தி இருக்கிறாளா?"

"இருக்கிறாள் மகாராஜா. வடிவாம்பாள் என்று பெயர். இளவரசரைப் போலவே அடக்கம். இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை."

ராஜகுரு துள்ளி எழுந்தார். "பொய்! அப்பட்டமான பொய்! அரசே, இவனுக்கு ஒரே மகள். ஊரறிந்த விஷயம்!"

"ஊரும் அறியும் குருவே. தெருவே வந்து சர்க்கரை வாங்கிக்கொண்டு போயிற்று. தொட்டில் கட்டி, அரிசியில் பெயர் எழுதி, காதில் மூன்று முறை சொல்லி முறைப்படி பெயர் சூட்டியிருக்கிறேன்."

"தொட்டிலில் பிள்ளையே இல்லாமல் பெயர் சூட்டினால் அது—"

ராஜகுருவின் திறந்த வாய் திறந்தபடி நின்றது. வாசலில் நின்ற காவலன் ஒருவன், பழக்கத்தில், கையை வாளின் பிடியில் வைத்தான்.

"சொல்லுங்கள் குருவே," என்றான் சேந்தன் பணிவாக. "தொட்டிலில் பிள்ளை இல்லாமல் பெயர் சூட்டினால் அது என்ன?"

ராஜகுரு காவலனின் கையைப் பார்த்தார். "அது... அதுவும் முறைதான். ஆனால் ஜாதகம்! ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டாமா?"

சேந்தன் மடியிலிருந்து ஓலையை எடுத்தான். "இளவரசருக்கு ஜாதகம் எழுதிய அதே ஜோசியர் எழுதியது. பதினாறு வயது. தங்களுக்குத் தெரியாததா? எழுதும்போதே பொருத்தம் பார்த்துக்கொண்டுதான் எழுதினார். பத்துக்குப் பத்து."

ஜோசியர் கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உன் இளைய மகளுக்கு வயது பதினெட்டு. மூத்தவளுக்குப் பதினாறா?" என்று ராஜகுரு பிடித்துக்கொண்டார்.

"இரண்டே வருஷத்தில் இருபது வயது வளர்ந்த மாப்பிள்ளைக்கு முன்னால் இதையெல்லாம் பெரிதுபடுத்துவார்களா குருவே? கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடுவாள்."

அரசரின் மீசை துடித்தது. அது கோபமா வேறெதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை. சேந்தனுக்கும் தெரியவில்லை.

ராஜகுரு விடவில்லை. "அப்படியானால் இளவரசர் அக்காள் தங்கை இருவரையுமே மணக்கட்டும்! அரசகுலத்துக்கு அது புதிதல்லவே!"

சேந்தன் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம்தான் தயங்கினான். பிறகு இளவரசரின் ஆசனத்துக்கு முன்னால் போய், முழங்கால் போட்டுக் கும்பிட்டான்.

"இளவரசே! தங்களுக்காக இத்தனை பேர் பேசுகிறோம். கட்டிக்கொள்ளப் போகிறவர் தாங்கள். வடிவாம்பாளைப் பிடிக்கவில்லை என்றோ, இருவரும் வேண்டும் என்றோ தங்கள் திருவாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தக் கணமே இருவரையும் கொண்டுவந்து விடுகிறேன். பேசாமல் இருந்தால் வடிவாம்பாள் போதும் என்று அடியேன் எடுத்துக்கொள்வேன்."

சபை முழுவதும் அந்தப் பட்டு விரிப்பையே பார்த்தது. சாமரம் வீசுகிறவன் வீசுவதை நிறுத்திவிட்டான். அரசரும் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் அந்த ஆசனத்தின் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசியிருக்கிறார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தது அன்றைக்குத்தான். வெகுநேரம் காத்திருந்தார். அவர் கண்ணில் நீர் திரண்டது. அதைப் பார்த்த சேந்தனுக்குத் தன் தலையைப் பற்றிய பயம்கூட மறந்துபோயிற்று.

அந்தப்புரத் திரைக்குப் பின்னாலிருந்து மகாராணியின் குரல் வந்தது. "அவன் ஒன்றும் சொல்லமாட்டான், அரசே. நான் தினமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்."

அரசர் நீண்ட பெருமூச்சு விட்டார். பிறகு ராஜகுருவைப் பார்த்தார், அவருடைய தொப்பையைப் பார்த்தார், சேந்தன் கையில் இருந்த ஓலையைப் பார்த்தார். முதலில் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் அது தோளைக் குலுக்கியது. அப்புறம் அவர் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, இரண்டு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

"சேந்தா! என் மகனுக்கு இவளைவிடப் பொருத்தமான பெண் மூவுலகிலும் கிடைக்கமாட்டாள். தட்டை மாற்று!"

கல்யாணம் ஜோராக நடந்தது. மணையில் ஒரு பக்கம் வாள், மறுபக்கம் ஒரு மடித்த கூறைப்புடவை. வாளும் பேசவில்லை, புடவையும் பேசவில்லை. அந்த நாட்டில் சண்டை சச்சரவே இல்லாமல் வாழ்ந்த தம்பதி அவர்கள்தான் என்று சொல்வார்கள். விருந்து மட்டும் நிஜமாகவே நடந்தது. ராஜகுரு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் அரசர் எழுந்து நின்று அறிவித்தார்.

"புதுமணத் தம்பதியர் இருவரும் காசிக்கு யாத்திரை செல்கிறார்கள். என் மகனுக்குப் பெயர் சூட்டிய குருவே, துணைக்குத் தாங்கள் சென்றால்தான் எனக்கு நிம்மதி. இருவருக்கும் குடை பிடித்து, வேளாவேளைக்கு உண்பித்து, பத்திரமாக அழைத்துச் செல்ல வேண்டும். அவர்களை அழைத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அவர்களை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் தனியே வந்தால்... இளவரசர் எங்கே என்று நான் கேட்பேன். என்ன பதில் சொல்லக் கூடாது என்பது தங்களுக்கே தெரியும்."

ராஜகுரு கிளம்பினார். வெட்டவெளியில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் குடை பிடித்துக்கொண்டு அவர் நடந்துபோவதைக் கோட்டை வாசலில் நின்று ஊரே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, அவர் கூப்பிடு தூரத்தைத் தாண்டிய பிறகுதான் சிரித்தார்கள். திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

தை மாதம் செங்கமலத்துக்கும் ஆதிநாதனுக்கும் கல்யாணம் நடந்தது. மகாராணி தந்தத் தொட்டிலைத் தானே துடைத்து, சீராக அனுப்பிவைத்தாள். அனுப்பும்போது அழுதாள் என்று சொல்கிறார்கள். அனுப்பிய பிறகு நன்றாகத் தூங்கினாள் என்றும் சொல்கிறார்கள். பட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அரசரின் தங்கை மகன் ஒருவன் அந்த அரண்மனையிலேயே, பெயரோடும் ஆளோடும், வளர்ந்துகொண்டிருந்தான். யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததால்தான் அதுவரைக்கும் அகப்படாமல் இருந்தான்.

மறுவருஷம் தை பிறக்கும் முன்பே செங்கமலத்துக்குப் பிள்ளை பிறந்தது. செய்தி கேட்ட அரசர் பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் நடந்தே சேந்தன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலுக்கு வரும்போதே உள்ளே வீறிட்டு அழும் குரல் கேட்டது. தந்தத் தொட்டில் ஆடிய ஆட்டத்தில் கயிறு கிறீச்சிட்டது.

"என் மருமகளின் தங்கை பிள்ளை! எனக்கும் பேரன்தானே? கொண்டா இப்படி!" என்று அரசர் உட்கார்ந்து கையை நீட்டினார்.

சேந்தன் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தான்.

"என்ன பெயர் வைத்திருக்கிறாய்?"

"இன்னும் வைக்கவில்லை மகாராஜா. ஆள் வந்துவிட்டான். பெயர் மெதுவாக வரட்டும்."

அரசர் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தது. பிறகு, எந்தத் தயக்கமும் இல்லாமல், அவருடைய பட்டாடை முழுவதும் நனைய மூத்திரம் போய்விட்டது. உமையாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். ஆதிநாதன் கையைப் பிசைந்தான்.

அரசர் நனைந்த மடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமும் அதற்கு மேலும் யாரும் நனைக்காத மடி அது. அவர் சிரித்தார். இந்தச் சிரிப்பில் விகடம் ஒன்றும் இல்லை.

"சேந்தா, இவன் இருக்கிறான்" என்றார்.

கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனிடம் நீட்டினார். கொடிக்காலை ஒட்டிய நஞ்சை முழுவதையும் அவன் குடும்பத்துக்கே எழுதிவைக்கச் சொன்னார். நனைந்த பட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி எல்லோரும் வேண்டியும் கேட்கவில்லை. அந்தப் பட்டோடுதான் தெரு வழியாக அரண்மனைக்கு நடந்துபோனார்.

நானும் பெயர் தெரியாத அந்த நாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். காசிப் பாதையில் எங்காவது, இரண்டு பக்கமும் யாரும் இல்லாமல் இரண்டு பக்கமும் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் போனால், பெயரைக் கேட்டுவிடாதீர்கள்; பாவம், ஏற்கெனவே களைத்திருப்பார்.